ஃபில்டரைக் கழுவிய ஆயுத பூஜை

பதினோரு வருஷம் விளக்குமாற்றோடு காலம் தள்ளியவள் நான். வீட்டு வாசல் பெருக்கியதைச் சொல்லவில்லை. அன்னவாசலுக்குக் கொஞ்சம் தள்ளி ரோட்டோரமாக ஒரு பேவர் பிளாக் பட்டறை இருக்கிறது. கடை வாசலிலும் பள்ளிக்கூட வளாகத்திலும் சிவப்பும் சாம்பலுமாகப் பதித்திருப்பார்களே, அந்தக் கற்களைச் செய்கிற இடம். சிமெண்ட்டையும் எம்-சாண்டையும் ஜல்லிப் பொடியையும் கலந்து, அச்சில் போட்டு அழுத்தி எடுத்து, தண்ணீர் தெளித்து நாள்கணக்கில் இறுக விடுவார்கள். நீளமான இரண்டு ஷெட்டுகள். இரண்டையும் கூட்ட இரண்டே பெண்கள், நானும் அக்காவும்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. திருவரங்குளத்துப் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு அடுத்த ஊரில் வாழ்க்கைப்பட்டவள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம், ஒரே டவுன் பஸ்ஸில் வந்து போனோம். நாங்கள் ஆவூர்ப் பக்கத்து வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். அவர்கள் வீட்டில் முனியாண்டிக்குக் கிடா வெட்டுகிறவர்கள். கறிக்குழம்பு இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரிதான் மணக்கும் என்பதால் எங்களுக்குள் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரிந்ததில்லை.

சிமெண்ட் தூசியைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விளக்குமாற்றை ஒரு இழுப்பு இழுத்தால் ஆள் உயரத்துக்கு எழும்பும். அரை மணி நேரம் அந்தரத்தில் நிற்கும். ஷெட்டின் கடைசிவரை கூட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், கூட்டிய இடத்திலேயே நிதானமாக மறுபடி உட்கார்ந்திருக்கும். யாரை ஏமாற்ற இந்தக் கூத்து என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். மனுஷர்களிடம் மட்டுமல்ல, தூசியிடமும் சண்டைக்குப் போகிற பிறவி நான்.

அக்காவுக்கு வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷத்திலேயே இழுப்பு வந்துவிட்டது. கடைசி மூன்று வருஷத்தில் அது மோசமானது. புதுக்கோட்டையில் பார்த்த டாக்டர் உறிஞ்சுகிற மருந்தைக் கொடுத்து, இந்தத் தூசியை விட்டு வெளியே வந்தால்தான் நெஞ்சு தேறும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எப்படி வருவாள்? மகள் நர்சிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தது. வீட்டில் இவள் ஒருத்தி சம்பாத்தியம்தான். கோர்ஸ் முடிகிற வரைக்கும் தாங்கினால் போதும் என்பாள். தாங்குவாளா என்பது எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் கூட்டுகிற வண்டி வந்தது. எங்கள்மேல் இரக்கப்பட்டு வரவில்லை. பெரிய ஆர்டர் கொடுக்க வந்த ஒருவர் வெள்ளைச் சட்டையோடு ஷெட்டுக்குள் போய்ச் சாம்பல் சட்டையோடு வெளியே வந்தார். அடுத்த மாதமே முதலாளி வண்டிக்கு ஏற்பாடு செய்துவிட்டார். மூன்று மாதம் வாடகைக்கு ஓட்டிப் பார்ப்பது, சரிப்பட்டால் வைத்துக்கொள்வது, இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிட்டுப் பழையபடி விளக்குமாறு. அதுதான் பேச்சு.

சின்ன டிராக்டர் மாதிரி ஆள் உட்கார்ந்து ஓட்டுகிற பேட்டரி வண்டி. முன்னால் பக்கத்துக்கு ஒன்றாக வட்ட பிரஷ், அடியில் பெரிய உருளை பிரஷ். அது குப்பையை வாரி உள்ளே இருக்கிற தொட்டியில் போடும். எழும்புகிற தூசியை ஒரு காற்றாடி உறிஞ்சும். உறிஞ்சிய காற்று ஒரு ஃபில்டர் வழியாகத்தான் வெளியேற முடியும். அந்த ஃபில்டர் கெட்டிக் காகிதத்தில், சேலைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். தூசி மடிப்பில் தங்கிவிடும், சுத்தமான காற்று மட்டும் பின்பக்கமாக வெளியே போகும். வண்டியைக் கொண்டுவந்த டெக்னீஷியன் இதையெல்லாம் அரை மணி நேரம் விளக்கினார். நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யார் ஓட்டுகிறீர்கள் என்று சூப்பர்வைசர் கேட்டு முடிப்பதற்குள் கையைத் தூக்கிவிட்டேன். சூப்பர்வைசர் பொன்னமராவதிக்காரர், என்னைவிட வயதில் சின்னவர். எனக்கு மொபெட் ஓட்டத் தெரியும் என்பதை அவரிடம் மூன்று தடவை சொன்னேன். சீட் எனக்குக் கிடைத்தது. முதல் நாள் அதில் உட்கார்ந்து ஷெட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனேன். திரும்பிப் பார்த்தால் தரை தரையாகத் தெரிந்தது. அந்தத் தரை சாம்பல் நிறத்திலும் ஒருவகைப் பச்சை கலந்தது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அப்படி ஒரு சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. இதை வீட்டுக்காரரிடமே சொல்லியிருக்கிறேன்.

அக்காவுக்கு மூலை முடுக்குகளை மட்டும் சின்ன பிரஷ்ஷால் தள்ளிவிடுகிற வேலை. இரண்டாம் மாதத்திலேயே மருந்தை உறிஞ்சுவது குறைந்தது. பஸ் ஸ்டாப்பிலிருந்து கேட்டுக்கு நடக்கும்போது நடுவில் புளியமரத்தடியில் நின்று மூச்சு வாங்குவாள். அந்த நிற்பும் நின்றது. வண்டி இருந்தால் அக்கா இருப்பாள் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது.

மூன்றாம் மாதம் ஆயுத பூஜை வந்தது. பட்டறைகளில் அது எப்படி நடக்கும் என்று நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் காலையிலிருந்தே மிஷின்களைக் கழுவ ஆரம்பிப்பார்கள். மிக்ஸர், அச்சு மிஷின், லாரி, தள்ளுவண்டி, மண்வெட்டி, எடை மிஷின் என்று ஒன்று பாக்கியிருக்காது. கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாயந்தரம் பொரியும் கடலையும் படைப்பார்கள். நான் நெற்றியில் குங்குமம் வைக்காதவள். ஆனாலும் என் வண்டிக்கு வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இருந்ததில்லை. அது இந்து வண்டியா வேத வண்டியா என்று ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற அண்ணன் கேட்டதற்கு, உங்கள் வண்டியைவிடச் சுத்தமான வண்டி என்றேன்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. அந்த அண்ணன் தன் ஃபோர்க்லிஃப்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கண்ணாடியாக்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. வெளியே மட்டும் கழுவுவது என்ன கழுவல், உள்ளேயும் கழுவிக் காட்டுகிறேன் என்று மூடியைத் திறந்து ஃபில்டரை வெளியே எடுத்தேன். இரண்டு மாதத் தூசி மடிப்பு மடிப்பாக அடைந்திருந்தது. பைப்பைத் திறந்து பீய்ச்சி அடித்தேன். சோப்புத் தூள் போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு மடிப்பையும் தேய்த்தேன். அடுக்கி வைத்திருந்த கற்களின்மேல் வெயிலில் காய வைத்தேன். காய்ந்ததும் மேலே வெளேரென்று இருந்தது. பெருமையாக எடுத்துப் போய் மாட்டி, மூடியின்மேல் மூன்று பொட்டு வைத்தேன். அண்ணனிடம் போய், உங்கள் வண்டியின் குடலைக் கழுவினீர்களா என்றும் கேட்டுவிட்டு வந்தேன்.

லீவு முடிந்து வந்து வண்டியை எடுத்தேன். பத்தடி போவதற்குள் பின்னாலிருந்து கூச்சல். திரும்பினால் வண்டியைச் சுற்றிப் புகைமூட்டமாகத் தூசி. காற்றாடி கத்துகிறது, உறிஞ்சவில்லை. வாரிய தூசியெல்லாம் அடிவழியாகப் பிதுங்கிக்கொண்டு வருகிறது. விளக்குமாறே தேவலை என்று ஆகிவிட்டது. சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, பழைய வண்டியைப் பெயின்ட் அடித்து நம் தலையில் கட்டிவிட்டார்கள் என்றார். முதலாளியிடமும் அப்படியே சொன்னார். அன்று முதல் வண்டி ஓரங்கட்டப்பட்டது, நாங்கள் விளக்குமாற்றை எடுத்தோம்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபிறகு நான் மட்டும் போய் மூடியைத் திறந்தேன். ஃபில்டரைத் தூக்கினால் கனத்தது. நகத்தால் தட்டினேன். டக் டக்கென்று கேட்டது. மடிப்புகளுக்குள் விரலை விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாக இருந்தது. அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. சிமெண்ட்டில் தண்ணீர் ஊற்றினால் கல்லாகும். அதுதான் அந்தப் பட்டறையின் பிழைப்பே. பதினோரு வருஷமாக அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவள், ஃபில்டர் நிறைய சிமெண்ட்டை வைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். மேலே இருந்த வெள்ளையைப் பார்த்துச் சுத்தம் என்று நம்பியிருக்கிறேன்.

இப்போது நினைத்தாலும் கூசுகிறது: நான் அதைத் திரும்ப உள்ளே வைத்து மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன். யாருக்கும் தெரியாது. பழி வண்டிமேல் விழுந்தாயிற்று. வாயைத் திறந்தால் என் சீட் போய்விடும், அந்த அண்ணன் சாகிறவரை சொல்லிக்காட்டுவார். வாயைத் திறக்காவிட்டால் வண்டி போய்விடும். இதில் எது பெரிது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் அன்று பூராவும் மறுநாளும் வாயைத் திறக்கவில்லை. வாய்க்காரி என்று பேரெடுத்தவள், பேச வேண்டிய இடத்தில் ஊமையாக இருந்தேன்.

மூன்றாம் நாள் காலை. இரண்டாவது ஷெட்டில் கூட்டிக்கொண்டிருந்த அக்காவின் விளக்குமாற்றுச் சத்தம் நின்றது. போய்ப் பார்த்தால் பலகை அடுக்கின்மேல் குனிந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்து, தோள் இரண்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. மருந்தை எடுத்துக் கொடுத்து முதுகைத் தடவினேன். கொஞ்சம் ஆசுவாசமானதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முடியலத்தா. இந்த மாசத்தோட நின்னுக்கிறேன்."

"மக படிப்பு?"

"பாப்போம்."

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அவளுக்கு முன்னால் அழப் பிடிக்காமல் எழுந்து நேராக வண்டிக்குப் போனேன். ஃபில்டரை உருவி எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குள் நுழைந்தேன். சூப்பர்வைசர் போனில் இருந்தார். வண்டியை எடுத்துப்போக எப்போது லாரி அனுப்புவீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். முதலாளி மேஜைக்கு அந்தப் பக்கம். நான் ஃபில்டரை அவர் பேப்பர்களுக்கு மேலேயே வைத்தேன்.

"அய்யா, வண்டி மேல குத்தமில்ல. நாந்தான் இதத் தண்ணி ஊத்திக் கழுவுனேன்."

சூப்பர்வைசர் போனைக் காதிலிருந்து எடுத்தார். முதலாளி அதிகம் பேசாதவர். ஃபில்டரைத் தூக்கிப் பார்த்தார், மோதிர விரலால் தட்டிப் பார்த்தார், ஓரத்தைத் தடவிப் பார்த்தார். வாடிக்கைக்காரர்களுக்குக் கல்லைக் காட்டும்போது எப்படித் தட்டுவாரோ அதே தட்டல்.

"நல்லா செட்டாயிருக்கும்மா," என்றார்.

அவர் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். புது ஃபில்டர் போட்டால் ஓடுமா என்று அவர் கேட்க, சூப்பர்வைசர் அதே போனில் விசாரித்தார். ஓடும், கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும், ஒரு வாரம் ஆகும் என்று பதில் வந்தது. முதலாளி யோசித்தார். ஃபில்டரை வரவழைக்கலாம், இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம், ஆனால் இரண்டாவது ஃபில்டரும் இப்படிக் கல்லானால் அதோடு வண்டிப் பேச்சே கிடையாது என்றார்.

நான் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது சூப்பர்வைசர் சொன்னார், இனிமேல் நீங்கள் வண்டியைத் தொட வேண்டாம், ஃபோர்க்லிஃப்ட் அண்ணனே இதையும் ஓட்டட்டும் என்று. என் சீட்டில் அந்த ஆளா? கோபத்தில் ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் பலகை அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்த உருவம் கண்ணுக்குள் நின்றது. வண்டியில் உட்கார்ந்திருக்கிறவருக்குத்தான் தூசி குறைவு. தொட்டியைக் கொட்டி ஃபில்டரைத் தட்டுகிறவர்தான் மிச்சமிருக்கிற தூசியை எல்லாம் தின்ன வேண்டும். அதை ஓட்டிப் பார்த்த எனக்குத்தான் தெரியும்.

"நான் ஓட்டல தம்பி. அக்கா ஓட்டட்டும். ஃபில்டர நான் பாத்துக்கிறேன்."

ஃபில்டரைக் கல்லாக்கினவளிடமே ஃபில்டரைக் கொடுப்பதா என்று சூப்பர்வைசர் கேட்டார். இந்தத் தப்பை இனி உலகத்தில் யார் செய்தாலும் நான் செய்ய மாட்டேன் என்றேன். முதலாளி சரி என்று தலையாட்டினார்.

ஃபில்டர் வர ஒரு வாரம். அந்த வாரம் முழுக்க அக்காவைக் லாரியில் ஏற்ற அடுக்கிய கற்களுக்குப் பிளாஸ்டிக் நாடா கட்டுகிற பக்கம் வெளிக்காற்றில் உட்கார வைத்துவிட்டு, இரண்டு ஷெட்டையும் நானே கூட்டினேன். என் குற்றத்துக்கு நான்தானே கூட்ட வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் அண்ணனுக்கு விஷயம் போய்விட்டிருந்தது. புது டிசைன் பேவர் பிளாக் ஒன்று போட்டிருக்கிறீர்களாமே, எந்தக் கலர் என்று தினமும் விசாரித்தார். பதில் சொல்லாமல் கூட்டினேன். பதில் சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த வாரம்தான் அறிந்தேன்.

புது ஃபில்டர் வந்த அன்று டெக்னீஷியன் வாட்ஸ்அப்பில் வீடியோ காலில் வந்தார். இந்த முறை நான் ஸ்டியரிங்கைப் பார்க்கவில்லை. அவர் சொன்னதைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்லிக் காட்டினேன். தொட்டியைக் கொட்டுவதற்கு முன்னால் ஃபில்டரைக் குலுக்குகிற பட்டனை அழுத்தி, காற்றாடி நின்றபிறகே மூடியைத் திறக்க வேண்டும். ஃபில்டரைத் தரையில் ஓங்கி அடிக்கக் கூடாது. உள்ளங்கையால் சட்டத்தில் மெதுவாகத் தட்ட வேண்டும். பிறகு கம்ப்ரஸர் காற்று. அச்சைச் சுத்தம் செய்கிற வேகத்தில் விட்டால் காகிதம் கிழிந்துவிடும். வேகத்தைக் குறைத்து, ஒரு முழம் தள்ளிப் பிடித்து, சுத்தமான பக்கத்திலிருந்து தூசிப் பக்கத்துக்கு ஊத வேண்டும். தூசிப் பக்கத்திலிருந்து ஊதினால் தூசி இன்னும் ஆழமாகப் போய் உட்கார்ந்துவிடும். கடைசியில் இருட்டான இடத்தில் உள்ளே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஊசி முனை அளவுக்கு எங்காவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் அங்கே கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். ஈரத் தரைக்குப் போகும்போது காற்றாடியை நிறுத்திவிட வேண்டும். தண்ணீர் மட்டும் கூடவே கூடாது, அதை நான் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை என்று சொல்லி அவரே சிரித்தார்.

நான் வேறு ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன். காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் காலியிடம் இருக்கிறது. ஃபில்டரை அங்கே கொண்டுபோவேன். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஒரு பிடி மண்ணை விட்டுப் பார்த்துவிட்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, முகமூடி போட்டுக்கொண்டுதான் ஊதுவேன். கிளம்புகிற தூசி என்னை விட்டு விலகிப் போய்விடும். அந்த நேரத்தில் அக்கா அந்தப் பக்கமே வரக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தேன்.

அக்காவை வண்டியில் ஏற்றுவது ஃபில்டரைவிடப் பெரிய பாடு. எனக்குச் சைக்கிளே வராது, ஆளை விடு என்று இரண்டு நாள் மறுத்தாள். சைக்கிள் விழும், இது விழாது என்று உட்கார வைத்தேன். முதல் நாள் கல் அடுக்கில் முட்டினாள். இரண்டாம் நாள் ஷெட்டின் கம்பத்தை இடித்து, கம்பத்திடம் மன்னிப்புக் கேட்டாள். நான்காம் நாள் ஃபோர்க்லிஃப்டுக்கு எதிரே வந்து நின்று ஹாரன் அடிக்க, அந்த அண்ணன் ரிவர்ஸ் எடுத்து வழிவிட்டார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஆனால் பொறாமையும் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். என் சீட்டில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்து போவதைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்ப்பேன். கையிலிருக்கிற ஃபில்டரை இன்னும் கவனமாக ஊதுவேன்.

ஒரு மாதக் கெடு முடிந்த அன்று முதலாளி வெள்ளை வேட்டியோடு இரண்டு ஷெட்டுக்குள்ளும் நடந்தார். வேட்டி வெள்ளையாகவே திரும்பியது. வண்டி நிற்கட்டும் என்று சொல்லிவிட்டு, ஸ்டோரில் இன்னொரு ஃபில்டர் வாங்கி வைக்கச் சொன்னார். ஸ்டோர்ச் சாவி சூப்பர்வைசரிடம் இருக்கும். ஆனால் அந்த அலமாரியை நான் கேட்டால்தான் திறப்பார்.

தை பிறந்து சில நாள் ஆகியிருக்கும். காலை டீ நேரம். ஷெட் வாசலில் இரண்டு கற்களை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தோம். அக்கா தன் கல்யாணக் கதையை ஆரம்பித்தாள். மாப்பிள்ளை வீட்டு வேன் புதுக்கோட்டையில் பஞ்சரானது, மாப்பிள்ளையே சக்கரம் மாற்றியது, கிரீஸ் கையோடு தாலி கட்ட வந்தவரை மாமியார் விரட்டிக் கை கழுவ வைத்தது என்று ஒரே மூச்சில் போய்க்கொண்டிருந்தாள். நடுவில் மாமியார் மாதிரியே குரலை மாற்றிப் பேசினாள், அடித்தொண்டையிலிருந்து சிரித்தாள், சிரித்துக்கொண்டே அடுத்த கதைக்குத் தாவினாள். என் டீ ஆறிவிட்டது. பதினோரு வருஷம் ஒரே பஸ்ஸில் வந்திருக்கிறோம், இதில் ஒரு கதையும் நான் கேட்டதில்லை. அவளை அமைதியான மனுஷி என்றே நினைத்திருந்தேன். அமைதியும் இல்லை, ஒன்றும் இல்லை. இத்தனை நாளும் பேச மூச்சு இல்லாமல் இருந்திருக்கிறாள்.

பெல் அடித்தது. அக்கா எழுந்து சேலையைச் செருகிக்கொண்டு வண்டியைப் பார்த்து நடந்தாள்.

"மிச்சத்த சாயங்காலம் பஸ்ல சொல்றேன். தூங்கிறாத, கேக்கணும்," என்றாள்.